பெயர் தெரியத் திருப்பிப் போட்ட பெஞ்சுகள்

இதை வாசிக்கிறவர் யாராக இருந்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், யாருக்கும் காட்டாதீர்கள். என் அப்பாவுக்குக் கட்டாயம் காட்டாதீர்கள். எங்கள் தலைமையாசிரியை கண்ணில் பட்டால் அன்றைக்கே டி.சி. எழுதிக் கையில் கொடுத்துவிடுவார். நாளைக் காலை எங்கள் பள்ளியில் விழா. சிதம்பரத்தில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் காசிநாதன் ஐயா, பள்ளி முழுவதற்கும் புதிய பெஞ்சு மேசை வழங்கியிருக்கிறார். அவருக்கு நன்றி சொல்லிப் பேச, பதினோராம் வகுப்பு வினோதினியாகிய என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பேச்சை அவர்களே எழுதியும் கொடுத்துவிட்டார்கள். மனப்பாடம் செய்து அப்பாவிடம் ஒப்பித்துக் காட்டிவிட்டேன். இது அந்தப் பேச்சு அல்ல. இது நான் பேச வேண்டிய பேச்சு. தையல் மெஷின் இருக்கும் அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்து எழுதுகிறேன். எதிரே கூட்டம் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

விழாவுக்குத் தலைமை ஏற்று, பொன்னாடைகளின் பாரத்தோடு நடு நாற்காலியில் வீற்றிருக்கும் கொடையாளர் காசிநாதன் ஐயா அவர்களே. அவர் அருகில் அமர்ந்து, என் வாயிலிருந்து அடுத்து எந்த வரி வரும் என்று அறிந்தவராக, அமைதியாகப் புன்னகைக்கும் தலைமையாசிரியை ஞானாம்பாள் அம்மா அவர்களே. அறிவூட்டும் ஆசிரியப் பெருமக்களே. தேவனாம்பட்டினத்தில் மீன் கூடையை இறக்கி வைத்த கையோடு பஸ் ஏறி வந்து, பந்தலின் ஓரத்தில் நின்றுகொண்டிருக்கும் தாய்மார்களே. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்த தகப்பன்மார்களே. முன்வரிசையில் தரைக்கு எட்டாத காலை ஆட்டிக்கொண்டிருக்கும் ஒன்றாம் வகுப்புத் தங்கைகளே, தம்பிகளே. மைக் செட்டின் மேல் கைவைத்திருக்கும் அண்ணா, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். இன்றைக்கு என் குரல் உங்கள் விரலில் இருக்கிறது. தயவுசெய்து முடிக்கும்வரை விட்டுவையுங்கள்.

இன்னும் ஒருத்திக்கு வணக்கம் சொல்ல வேண்டும். அவள் இந்தப் பந்தலில் இல்லை. தொடையில் கட்டுப் போட்டு, தேவனாம்பட்டினத்தில் தன் வீட்டுக் கட்டிலில் படுத்திருக்கிறாள். என் தோழி இளமதிக்கு என் முதல் வணக்கமும் முழு வணக்கமும்.

பெரியோர்களே, பள்ளிக்கூடம் என்பது என்ன? ஒரே கூரையின் கீழ் ஒரே அறையா? ஒன்றாம் வகுப்பில் குழந்தை உருண்டு புரண்டு எழுத்தைக் கற்கிறது. அது ஓர் அறை. நூலகத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒரு படத்தை நான்கு தலைகள் சேர்ந்து பார்க்கின்றன. அது ஓர் அறை. ஆய்வுக்கூடத்தில் நின்றுகொண்டு, நிதானமாக, நெருப்பையும் அமிலத்தையும் கையாளுகிறோம். அதுவும் ஓர் அறை. உட்கார வேண்டிய இடம் உண்டு. நிற்க வேண்டிய இடம் உண்டு. தரையே தகுந்த இடமாக இருப்பதும் உண்டு. வீட்டில் அடுப்படி மேடையில் யாராவது படுத்துத் தூங்குவார்களா? கட்டிலில் வைத்துக் காய் நறுக்குவார்களா? வீட்டில் நாம் செய்யாததைப் பள்ளியில், எல்லா அறைக்கும் ஒரே பெஞ்சு போட்டு, ஏன் செய்தோம்?

ஏன் செய்தோம் என்று எனக்குத் தெரியும். என் அப்பா இளவரசு, காசிநாதன் ஐயாவின் லாரியை ஓட்டுகிறவர். பெஞ்சுகளை ஏற்றி வந்து இறக்கியவரே அவர்தான். எந்த பெஞ்சு வாங்குவது என்று பேசியபோது அவர் மண்டப வாசலில் நின்றிருந்தார். சாப்பிடும்போது எங்களிடம் சொன்னார். ஐயா தன் பந்தி மண்டபத்தைக் கைகாட்டி, "பாருங்க டீச்சர், டேபிளு எல்லாம் ஒரே மாதிரி, ஒரே ஒசரம். இந்தக் கோடியில நின்னு பாத்தா அந்தக் கோடி வரைக்கும் நூல் புடிச்ச மாதிரி இருக்கு. ஸ்கூலும் அப்பிடி இருக்கணும், பாக்கறதுக்கு ஒரு லட்சணம் வாணாமா?" என்றாராம். தலைமையாசிரியை அம்மா, "நீங்க சொன்னா சரிங்கய்யா" என்றாராம்.

ஐயா, உங்கள் மண்டபத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வேலைக்கு வருகிறார்கள். உட்காருகிறார்கள், சாப்பிடுகிறார்கள், கை கழுவப் போகிறார்கள். அங்கே ஒரே உயரம் சரி. இங்கே நாங்கள் பந்திக்கு வரவில்லை, படிக்க வந்திருக்கிறோம்.

பின்னால் யாரோ முணுமுணுக்கிறீர்கள். "ஓசியில பெஞ்சு குடுத்தவரப் போயி கொற சொல்லுது பாரு, கொழுப்பு" என்கிறீர்கள். சொல்லுங்கள் மாமா, கேட்டுக்கொள்கிறேன். காசிநாதன் ஐயா கெட்டவர் இல்லை. அவரும் இதே பள்ளியில், ஒழுகும் கூரையின் கீழ், மண் தரையில் உட்கார்ந்து படித்தவர். தன்னைப் போல இந்தப் பிள்ளைகளும் தரையில் உட்காரக் கூடாது என்று நினைத்தார். அந்த நினைப்பைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் நினைத்தவர் ஒருமுறை இங்கே வந்து, "இந்த அறையில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று எங்களைக் கேட்டாரா? கேட்கவில்லையே. அதுதான் என் கோபம்.

முதலில் ஒன்றாம் வகுப்புக்கு வாருங்கள். அந்த அறையின் சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், சுற்றிலும் கரும்பலகை பூசியிருக்கும். பிள்ளைகள் பாயிலிருந்து நகர்ந்து போய், தங்களுக்கென்று உள்ள கட்டத்தில் எழுதுவார்கள். இன்று அந்தக் கரும்பலகை எங்கே? பெஞ்சுகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. பத்தாம் வகுப்பு அண்ணன்மாருக்கு அளவெடுத்த பெஞ்சில் ஆறு வயதுப் பிள்ளை உட்கார்ந்தால், மேசை தாடைக்கு வருகிறது. ஒரு குட்டிப் பெண், பெஞ்சின் மேல் முட்டிபோட்டு நின்று எழுதிக்கொண்டிருந்தாள். டீச்சர் "ஒழுங்கா உக்காரு" என்றார். அவள் சொன்னது என்ன தெரியுமா? "உக்காந்தா எழுத வரல டீச்சர், எழுந்தா நீங்க திட்றீங்க. நான் எப்பிடித்தான் இருக்கறது?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாங்களும் அன்று சிரித்தோம். அடுத்த வாரம் அவள் பெஞ்சிலிருந்து விழுந்து முன்பல் உடைந்தது. பால் பல்தானே, முளைத்துவிடும் என்றார்கள்.

இனி பெயருக்கு வருகிறேன். நம் ஊரில் கோயிலுக்கு ஒரு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தாலும், அதன் மேல் உபயம் இன்னார் என்று எழுதுவது வழக்கம். வெளிச்சத்தில் பாதி எழுத்துக்குப் போய்விடும், ஆனாலும் எழுதுவோம். எழுதட்டும், தவறில்லை. எங்கள் பெஞ்சு மேசை ஒவ்வொன்றின் முன்பலகையிலும் சிவப்புப் பெயின்டில் உபயம் காசிநாதன், சிதம்பரம் என்று எழுதியிருக்கிறது. பெஞ்சை யாரும் இழுக்கக் கூடாது என்று, போல்ட் வைத்துத் தரையில் சிமென்ட் போட்டார்கள். கொத்தனார், "எந்தப் பக்கம் பாத்து வெக்கறதும்மா?" என்று கேட்டார். கரும்பலகை இருக்கும் பக்கம் பார்த்துத்தானே வைக்க வேண்டும்? தலைமையாசிரியை அம்மா வராந்தாவுக்கு இறங்கிப் போய் நின்றார். "நான் நிக்கறன் பாருங்க, இங்கருந்து பாத்தா பேரு தெரியணும். விழாவுக்கு வர்றவுங்க இந்த வழியாத்தான் நடப்பாங்க" என்றார்.

கேட்டீர்களா தாய்மார்களே? பாடம் தெரிய வேண்டியதில்லை, பெயர் தெரிந்தால் போதும். அன்றிலிருந்து நாங்கள் வராந்தாவைப் பார்த்து உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பிக் கரும்பலகையைப் பார்க்கிறோம். உங்கள் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து கழுத்து வலிக்கிறது என்றால், "செல்லு நோண்டிக்கிட்டே இருந்தா வலிக்காம என்னா பண்ணும்?" என்று திட்டுகிறீர்கள். இனிமேல் திட்டாதீர்கள். நூலகத்திலும் அதே கதை. எதிரெதிரே உட்கார ஒரு நீள மேசை இருந்தது, எடுத்துவிட்டார்கள். இப்போது எல்லாரும் வரிசையாக வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம், டாக்டருக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி.

சரி, முடித்துக்கொள் என்கிறீர்களா அம்மா? தாளில் எழுதிக் கொடுத்தது இது இல்லையே என்று பார்க்கிறீர்களா? இன்னும் ஆய்வுக்கூடம் பாக்கி இருக்கிறது அம்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் கருங்கல் பலகை போட்ட உயரமான மேசை இருந்தது. சுற்றி நின்று செய்வோம். அமிலம் சிந்தினால் கல் தாங்கும். மேசையோடு சேர்ந்து தொட்டியும் குழாயும் இருந்தன. கையில் ஏதாவது பட்டால் திரும்பினால் தண்ணீர். புது பெஞ்சு வந்த அன்று, "புதுசு போடற எடத்துல இந்தப் பழசு எதுக்கு, எடுத்துட்டுப் போயிடச் சொல்லுங்க" என்று உத்தரவு வந்தது. கல் மேசை போனது. அதோடு தொட்டி போனது. தொட்டியோடு தண்ணீர் போனது. அந்த இடத்தில் என்ன வந்தது? நோட்டு எழுதத் தோதாக நம்மைப் பார்த்துச் சரிந்திருக்கும் மேசை. அதோடு பற்றவைத்த பெஞ்சு. ஒன்றில் மூன்று பேர்.

அன்றைக்கே இளமதி தலைமையாசிரியை அம்மாவிடம் கேட்டாள். எல்லாரும் வாய்மூடி நின்றபோது அவள் ஒருத்திதான் கேட்டாள். "மேடம், இது சாஞ்சி இருக்கே. டெஸ்ட் டியூப் ஸ்டாண்டு வெச்சா நிக்காதே?"

"நீ என்னா லேபு கட்ன இன்ஜினியரா? அட்டைய மடிச்சி அடியில குடு, நிக்கும்" என்று பதில் வந்தது.

மடித்துக் கொடுத்தோம். பழைய ரெக்கார்டு நோட்டின் அட்டையை மடித்து ஸ்டாண்டுக்கு அடியில் கொடுத்தோம். நின்றது. பல நாள் நின்றது. ஒரு நாள் நிற்கவில்லை.

அன்று உப்புச் சோதனை. நான் ஓரத்தில், இளமதி நடுவில், அந்தப் பக்கம் இசைவாணி. இளமதியின் கை ஸ்டாண்டின் மேல் இல்லை. அவள் எழுதிக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன். பின் பெஞ்சுக்காரி எழுந்திருக்க எங்கள் சாய்மானத்தைப் பிடித்தாள், அதிர்ந்தது, அட்டை வழுக்கியது. ஸ்டாண்டு சரிந்து வந்து, அதிலிருந்த அடர் அமிலம் அவள் மடியில் கொட்டியது. பெரியோர்களே, நின்றுகொண்டிருந்தால் ஒரு எட்டு பின்னால் போயிருப்பாள். உட்கார்ந்திருந்தாள். பெஞ்சு நகர்கிற பெஞ்சாக இருந்தால் தள்ளிக்கொண்டு எழுந்திருப்பாள். பெஞ்சைத் தரையில் சிமென்ட் போட்டு வைத்திருந்தார்கள். நான் எழுந்து வெளியே வந்தால்தான் அவள் வர முடியும். நான் எழுந்து, வழிவிட்டு, அவள் நகர்ந்து, வெளியே வருவதற்குள் அமிலம் துணியைத் தாண்டி உள்ளே போய்விட்டது. "தண்ணி, தண்ணி" என்று கத்தினாள். தண்ணீருக்குத் திரும்பினோம். தொட்டி இருந்த இடத்தில் உபயம் காசிநாதன், சிதம்பரம் என்று எழுதியிருந்தது.

தண்ணீருக்காகச் சத்துணவுக் கூடம் வரை அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

இப்போது யாரும் முணுமுணுக்கவில்லை. நல்லது.

இனி எனக்கு எழுதிக் கொடுத்த பேச்சில் உள்ள ஒரு வரியைப் படிக்கிறேன். "சக மாணவி ஒருத்தியின் கவனக்குறைவால் நேர்ந்த சிறு விபத்தை வைத்து, வள்ளலின் கொடையைக் குறை கூறுவோர் மனம் திருந்துவார்களாக." இதை நான் சொல்ல வேண்டும். ஏன் நான்? தலைமையாசிரியை அம்மா என்னை அறைக்குக் கூப்பிட்டுத் தோளில் கைபோட்டுச் சொன்னார். "தேவனாம்பட்டினத்துல என்னென்னமோ பேசிக்கிறாங்களாம். ஐயா மனசு ஒடஞ்சி போயிருக்காரு. நீ பக்கத்துல உக்காந்து பாத்தவ கண்ணு. நீ சொன்னாத்தான் ஜனம் நம்பும்." இளமதி என்ன ஆவாள் மேடம் என்று கேட்டேன். "அவளுக்கு கை நெதானம் பத்தாது. சயின்ஸ் குரூப்பு வாணாம், வேற குரூப்புக்கு மாத்தி உட்டுர்றன். அவளுக்குந்தான் நல்லது" என்றார்.

இளமதிக்குக் கை நிதானம் இல்லையா? அலை மேலே ஆடும் படகில் உட்கார்ந்து வலை அவிழ்க்கிற கை அது. பரங்கிப்பேட்டையில் கடலைப் பற்றிப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. "எங்கப்பாரு கடல்ல போறாரு, நான் கடலு உள்ள என்னா இருக்குன்னு பாக்கப் போறன்டி" என்பாள். நான் இந்த ஒரு வரியைச் சொன்னால் அந்த ஆசை முடிந்தது. பெஞ்சு சரிந்தது, பழி அவள் மேல். குழாயைப் பிடுங்கினார்கள், குற்றம் அவள் மேல். முன்கூட்டிக் கேட்டவள் அவள், கவனக்குறைவும் அவளுக்கேயா? எந்த ஊர் நியாயம் இது?

நான் அப்பாவிடமும் சொல்லிப் பார்த்தேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "பேச்சுப் போட்டியில பரிசு வாங்கற வாயின்னு ரொம்பத்தான் நீளுது. ஒரு வரிதான? சொல்லிட்டு எறங்கு. எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்றாத" என்றார். அப்புறம் மெதுவாக, "அந்தப் பொண்ணுக்கு எப்பிடி இருக்குது இப்ப?" என்று கேட்டார். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

கல் மேசை என்ன ஆனது என்று உங்களுக்குச் சொல்லவில்லையே. போன முகூர்த்தத்துக்கு உறவுக்காரர் கல்யாணம் என்று சிதம்பரம் போனோம், ஐயாவின் மண்டபத்துக்குத்தான். தண்ணீர் குடிக்கச் சமையல்கட்டுக்குப் போனேன். அங்கே எங்கள் மேசை. தொட்டியோடு, குழாயோடு. போன வருடத்து அக்காமார் காம்பஸால் கீறிய பெயர்கள்கூட அழியவில்லை. அதன் மேல் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். "இன்னாம்மா அப்பிடிப் பாக்கற?" என்றார் சமையல்காரர். இது எங்கள் ஸ்கூல் லேப் மேசை என்றேன். "அப்பிடியா? ஷோக்கான கல்லும்மா. நின்னுக்கினே வேலை ஓடுது, முதுவு நோவல, கையோட கழுவி உட்டுர்லாம். உங்க ஸ்கூல்ல இத வாணான்னா சொன்னாங்க?" என்றார். நான் அங்கே பந்தியில் உட்காரவில்லை.

ஐயா, காசிநாதன் ஐயா, பூசணிக்காய்க்குக் கிடைத்த பாதுகாப்பு எங்களுக்குக் கிடைக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். பெரிய மனதோடு கொடுத்தீர்கள், இன்னும் கொஞ்சம் பெரிதாக்குங்கள். ஒன்றாம் வகுப்பில் சிமென்ட்டை உடையுங்கள், பாயைத் திருப்பிக் கொடுங்கள், கரும்பலகையைத் திறந்துவிடுங்கள். வகுப்பறைகளில் பெஞ்சைப் பாடம் பார்க்கத் திருப்புங்கள். நூலகத்தில் முகம் பார்க்கத் திருப்புங்கள். எங்கள் கல் மேசையைக் கொண்டு வாருங்கள். அதன் நெற்றியில் உங்கள் பெயரை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் எழுதுங்கள். முதல் கைத்தட்டல் என்னுடையதாக இருக்கும். பெயருக்காகப் பெஞ்சு என்பது மாறி, பிள்ளைக்காகப் பெஞ்சு என்று ஆகட்டும்.

அப்பா, நீங்களும் பந்தலுக்குப் பின்னால் லாரி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பீர்கள். அந்த மேசையை ஏற்றிப் போனது நீங்கள். நீங்களே ஏற்றி வந்து இறக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது அப்பா. எனக்குப் பயமாகவும் இருக்கிறது.

அந்த ஒரு வரியை நான் சொல்ல மாட்டேன். அதற்குப் பதிலாக என் வரி ஒன்றைச் சொல்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் சொல்கிறேன். நான் சொன்னால் ஜனம் நம்பும் என்றார்கள், நம்புங்கள். இளமதி மேல் தப்பில்லை. இளமதி மேல் தப்பில்லை. தேவனாம்பட்டினத்துக்குக் கேட்கும்படி சொல்கிறேன், இளமதி மேல் தப்பே இல்லை.

பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து அழ வேண்டிய இடத்தில் அமைதியாக இருந்தவர்களுக்கும், கடைசிவரை குரலை நிறுத்தாத மைக் செட் அண்ணனுக்கும் என் நன்றியையும்

கதவைத் தட்டுகிறார்கள். இளமதி வரியை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "வினோ, இளமதி மேல தப்பில்லன்னு யாருகிட்ட சொல்லிக்கிட்டு இருக்க? கதவத் தொற." அப்பாதான். மேலே யாருக்கும் காட்டாதீர்கள் என்று கெஞ்சினேனே, அதை விட்டுவிடுங்கள். நாளைக்கு என்னைப் பேச விடவில்லை என்றால் இதை எல்லாருக்கும் காட்டுங்கள், முதலில் என் அப்பாவுக்கு